ஊர்வலத்துக்கு ஆகாத எஞ்சின்

கண்டனூர் பெரிய வீட்டின் கார் கொட்டகையில் அந்தத் தை மாதம் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. பழையது மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. புதியது காருக்குள் இருந்தது. என் அண்ணன் ஆசைத்தம்பி அந்த வீட்டு டிரைவர்.

கார் 1934இல் வாங்கிய, மேல்மூடி இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். அந்த வீட்டு மாப்பிள்ளை ஊர்வலங்கள் எல்லாம் அதில்தான். 1971இல் அந்த வீட்டு மகன் முத்தையாவுக்குக் கல்யாணம் கூடியதும், பினாங்கிலிருந்து புதிய பந்தயக் கார் எஞ்சின் ஒன்றை முத்தையாவே கப்பலில் வரவழைத்து, காரைக்குடிப் பட்டறையில் மாட்டச் செய்தார்.

நான் பௌதிகம் படித்தவள். இரண்டு எஞ்சின்களின் விவரத்தாள்களையும் அண்ணன் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான்.

பழையது அறுபத்தெட்டுக் குதிரைத்திறன். புதியது நூற்று முப்பத்தைந்து. முத்தையா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நான் வரைபடத்தில் அடுத்த கோட்டைப் பார்த்தேன். அது முறுக்கு விசை. டிரைவர்கள் இழுவை என்பார்கள். பழைய எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றிலேயே முழு இழுவையையும் கொடுத்தது. புதியதன் உச்ச இழுவை அதைவிடச் சற்றுக் குறைவு. அதுவும் ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றில்தான் வந்தது. அதற்குக் கீழே கோடு தரையோடு கிடந்தது. வேகமாகச் சுற்றுவதால் மட்டுமே அதன் குதிரைகள் பெருகியிருந்தன.

"நடக்குற வேகத்துல போனா?" என்றான் அண்ணன்.

"அணைஞ்சுரும் அண்ணே. அணையாம இருக்கணும்னா ஆக்ஸிலேட்டரை மிதிச்சுக்கிட்டே கிளச்சைப் பாதி பிடிச்சு வச்சிருக்கணும். கால் கொஞ்சம் வழுக்குனாலும் வண்டி பாஞ்சிரும்."

ஊர்வலத்தில் காருக்கு முன்னால் நடப்பவர்கள் மேளக்காரர்கள். தவில்காரர் குருநாதன், வாசிப்பு சூடு பிடித்துவிட்டால் காரைப் பார்த்துத் திரும்பி நின்றே வாசிப்பார்.

பழைய எஞ்சினையே மாட்டிவிடலாம் என்று அண்ணன் போய்க் கேட்டான். ஓடத் தெரிந்தவனுக்கு நடக்கத் தெரியாதா என்று முத்தையா கேட்டாராம். உன் தங்கச்சி எந்தக் காரை ஓட்டினாள் என்றும் கேட்டாராம். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

நானே ஆச்சியிடம், முத்தையாவின் தாயாரிடம், போனேன். விவரத்தைச் சொன்னேன். எஞ்சினை ஓடவிடாமல் காரை ஆட்கள் தள்ளி வரட்டும் என்றேன்.

"நடுவுல வண்டி அணையவும் கூடாது, தள்ளிட்டு வரவும் கூடாது ஆத்தா. பொண்ணு வீட்டுக்காரக என்ன நெனப்பாக?" என்றார் ஆச்சி. என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பினார்.

ஊர்வலத்தன்று மாலை அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தான். வெறுங்காலுக்குத்தான் பெடல் நன்றாகத் தெரியும் என்றான்.

நகரச் சிவன் கோயில் வரை ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் மட்டும் ஓயாமல் இரைந்தது. மேளம் முச்சந்திக்கு முச்சந்தி நின்றது. அங்கெல்லாம் காரும் நின்று, உறுமி, மறுபடி நகர்ந்தது. பூ வாசனைக்கு நடுவில் ஏதோ கருகுவது எனக்குத் தெரிந்தது. கிளச்சு.

ஊருணிக் கரை மேடு. இழுவை கேட்கும் இடம். கார் ஒரு முறை திணறியது. அண்ணனின் இடது முழங்கால் நடுங்குவதை ஓரத்தில் நடந்த நான் பார்த்தேன். "அண்ணே, அணைச்சிரு" என்றேன். மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அணையப் போகுது. மிதிடா" என்றார் காரில் மாலையோடு உட்கார்ந்திருந்த முத்தையா.

அண்ணன் மிதித்தான். இரைச்சல் உயர்ந்துகொண்டே போனது. கோடு மேலே ஏறும் இடத்துக்கு எஞ்சின் வந்துவிட்டது. குருநாதன் திரும்பிக் காரைப் பார்த்து, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார்.

கால் வழுக்கியது.

கார் பாய்ந்தது. அண்ணன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தான். குருநாதனின் வேட்டியை உரசிக்கொண்டு கார் ஊருணிப் படிகளில் இறங்கி, கல்லில் மோதித் தண்ணீரில் நின்றது. தூக்கி எறியப்பட்ட முத்தையா இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்றார். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது.

மேளம் நின்றிருந்தது. சூடான இரும்பில் தண்ணீர் பட்டுச் சீறும் சத்தம் மட்டும் கேட்டது.

"எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருச்சா பாரு" என்றார் முத்தையா, அண்ணனிடம்.

ஸ்டியரிங்கில் மோதிய நெஞ்சை அண்ணன் அதிலிருந்து எடுக்கவில்லை. நான் அவனை நோக்கிப் படிகளில் இறங்கினேன்.