இருநூற்று நான்காம் அறையின் சாவி

மூன்றரை மணியிலிருந்து ஜெயபிரியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ‘டியர் மேடம்’ என்று அடித்ததோடு சரி, அதற்கு மேல் விரல் நகரவில்லை. காணாமல் போன தன் செயினுக்கு ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் லாட்ஜைப் பற்றி ஊரெல்லாம் படிக்கிற மாதிரி எழுதிப் போட்டுவிடுவேன் என்று, தங்கிவிட்டுப் போன புனேக்கார அம்மாள் மெயிலில் மிரட்டியிருந்தாள். குற்றாலத்தில் சீசன் இருப்பதே மூன்று மாதம். அதில் ஒரு நட்சத்திரம் குறைந்தாலும் முதலாளி மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வராது. ரிசப்ஷனில் இருக்கிற ஜெயபிரியாவுக்கு ஓரளவு வரும். தினமும் வேலை முடிந்ததும் தென்காசிக்கு பஸ் ஏறிப் போய் ஆனந்தவள்ளி மிஸ்ஸிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்கிறாள். அந்தப் படிப்பு இப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

“என்னம்மா, இன்னும் முடியலையா? நம்ம வள்ளித்தாயிதான் செயின எடுத்திருக்கா, வேலைய விட்டு நிறுத்தியாச்சு, ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறோம்னு எழுது. அவ்வளவுதான சோலி,” என்றார் அண்ணாச்சி.

அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வள்ளித்தாய் வாசலுக்கு வெளியே சாரலில் நனைந்தபடி நின்றாள். இரண்டு நாளாக அவளை எந்த அறைக்குள்ளும் விடவில்லை. நேற்று அவளுடைய கூடையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு சேலையை உதறச் சொன்னார்கள். ஒன்றும் விழவில்லை. விழவில்லை என்றதும், ‘அதுக்குள்ள கைமாத்திட்டா’ என்றார்கள். கிடைக்காததையும் சாட்சியாக்கிவிட்டால் ஒரு மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

புனேக்காரி எழுதியிருந்த வரி திரையில் அப்படியே இருந்தது. ‘யுவர் கிளீனர் மஸ்ட் ஹேவ் டேக்கன் இட்.’ உங்கள் ஆள்தான் எடுத்திருக்க வேண்டும். இலக்கணத்தில் ஒரு பழுதும் இல்லை. போன வியாழக்கிழமைதான் மிஸ் இதை நடத்தினார். கண்ணால் காணாத நேற்றைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது பாடம். மஸ்ட் ஹேவ் என்றால் நடந்துதான் இருக்க வேண்டும். மைட் ஹேவ் என்றால் நடந்திருக்கலாம். கான்ட் ஹேவ் என்றால் நடந்திருக்கவே முடியாது. “தெரு நனைஞ்சு கெடக்கு. மழை பெய்திருக்கணும்னு சொல்லுத. தண்ணி லாரி ஒழுகிட்டுப் போயிருந்தா?” என்று மிஸ் கேட்க, வகுப்பே சிரித்தது. “மஸ்ட் போடுததுக்கு முன்னால, வேற வழியே இல்லன்னு காட்டணும், பாத்துக்கோங்க.” ஜெயபிரியாவும் சேர்ந்துதான் சிரித்தாள். அதற்கு மூன்றாம் நாள் செயின் காணாமல் போனது. அதில் வேறு வழி ஒன்று இருந்தது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

குற்றாலத்து லாட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. அருவிக்குப் போகிறவன் உடம்பெல்லாம் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாகப் போகிறான், சாவியை எங்கே வைப்பான்? ரிசப்ஷனில் கொடுத்துவிட்டுப் போவான். திரும்பும்போது கூட்டத்தில் யாராவது ஒருவர் சொட்டச் சொட்ட வந்து நம்பரைச் சொன்னால் சாவியை நீட்டிவிட வேண்டியதுதான். யாரும் பெயர் கேட்பதில்லை. நனைந்த தலையும் சிவந்த கண்ணுமாக எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அப்படி ஒருவன் வந்து “டூ நாட் ஃபோர்” என்றான். ஜெயபிரியா போனில் பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சாவி மேசைமேல் கிடந்தது, எடுத்து மாட்டினாள். அதன் பிறகுதான் வள்ளித்தாய் அந்த அறையைப் பெருக்கப் போனாள். ஒரு மணிக்கு ஐந்தருவியிலிருந்து வேனில் வந்து இறங்கிய புனேக்காரர்கள், அலமாரியில் வைத்த செயினைக் காணோம் என்று கூப்பாடு போட்டார்கள். நடுவில் தங்களில் ஒருத்தர்கூட அறைக்கு வரவில்லை என்றும் சொன்னார்கள். அப்படியென்றால் பதினொரு மணிக்குச் சாவி வாங்கியவன் யார்? ரிசப்ஷன் கேமரா, சீசன் தொடங்கிய அன்று விழுந்த இடியிலேயே செத்துப்போயிருந்தது.

வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. போன சீசனில் ஆள் தெரியாமல் சாவி கொடுத்தவனை அண்ணாச்சி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். இப்போது செயினும் போயிருக்கிறது, வெறுமனே வீட்டுக்கு அனுப்புவதோடு விடுவாரா? கூட்டுக் களவாணி என்பார்கள். பேச்சு கடையத்தில் அவள் வீடுவரை போகும். வந்தவன் அவர்களுடைய வேன் டிரைவராக இருந்திருக்கலாம். பக்கத்து அறைக்காரனாக இருந்திருக்கலாம். நம்பரை மாற்றிச் சொல்லிவிட்டு, தன் அறைக் கதவு திறக்காததால் சாவியைத் திருப்பி வைத்த அப்பாவியாகக்கூட இருந்திருக்கலாம். அப்படியென்றால் வள்ளியக்கா? அந்த நினைப்பு வந்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வந்தது. வள்ளியக்கா எடுத்திருக்கவே முடியாது என்று எழுதவும் அவள் கையில் சாட்சி இல்லை. விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போன மோதிரத்தையும் வாட்சையும் ஒன்பது வருஷமாக மேசைமேல் கொண்டுவந்து வைத்தவள் என்பது மட்டும் தெரியும். யோசிக்க யோசிக்க எல்லாம் ‘இருக்கலாம்’ என்றே போய் நின்றது. ஊகிக்க வேண்டியிராதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நாலே முக்காலுக்கு அதை அடித்தாள். ‘ஐ கேவ் த கீ.’ சாவியைக் கொடுத்தது நான்தான். சின்ன வாக்கியம். மூன்று தரம் தப்பாக விழுந்தது, மூன்று தரமும் அழித்து அடித்தாள். யாருக்குக் கொடுத்தேன் என்று தெரியாது, எங்கள் ஆள் எடுத்தாள் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை என்று அதன் கீழே இரண்டு வரி சேர்த்தாள்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “முடிச்சிட்டியா? என்ன எழுதியிருக்கன்னு தமிழ்ல சொல்லு பாப்போம். ஏ வள்ளித்தாயி, நீயும் உள்ள வந்து கேளு. நாளைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கக் கூடாது.”

இங்கிலீஷில் ஒன்றை எழுதிவிட்டுத் தமிழில் வேறொன்றைச் சொல்லி இன்றைக்குத் தப்பிக்கலாம். அண்ணாச்சிக்கா தெரியப் போகிறது? அந்த ஆசையும் அவளுக்கு வந்தது. வந்த வேகத்தில் பயந்துபோய், இனிப் பின்வாங்க முடியாதபடி முதலில் மெயிலை அனுப்பிவிட்டாள்.

“அனுப்பிட்டேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு இருநூத்தி நாலு சாவிய ஒரு ஆளுட்ட நான்தான் குடுத்தேன். யாருன்னு பாக்கல. வள்ளியக்கா அங்கன போறதுக்கு முன்னாலயே ஒருத்தன் சாவி வாங்கிட்டுப் போயிருக்கான். அதத்தான் எழுதியிருக்கேன்.”

“என்னட்டி சொல்லுத?” அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். திரையைப் பார்த்தார். படிக்க முடியாத வரிகளில் எந்த வரி அது என்று தேடுகிறவர் மாதிரி குனிந்தார். “ரெண்டு நாளா வாயில என்னத்த வச்சிருந்த?”

ஜெயபிரியா வள்ளித்தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளித்தாய் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தாள். அழுவாள் என்றுகூட நினைத்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி எதுவும் வரவில்லை.

“முந்தாநாளே சொல்லியிருக்கலாம்லா, தாயி,” என்றாள் வள்ளித்தாய். குரலில் கோபம்கூட இல்லை. “நேத்து என் சேலைய ஒதறச் சொன்னாவள்லா, அப்ப நீ இந்த நாக்காலிலதான இருந்த.”

அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பாமலே தொண்டையைச் செருமினார். “சரி சரி. மேல மூணு ரூம் காலியாயிருக்கு. போயி சோலியப் பாரு.”

வள்ளித்தாய் மாடிப் பக்கம் போகவில்லை. விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த, ஒன்பது வருஷமாகத் தூசி மட்டும் தட்டிவந்த சோபாவுக்குப் போய், ஈரச் சேலையோடு அதன் நடுவில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சேலையிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் கோடாக ஓடிவந்து, மேசைக்கு அடியில் ஜெயபிரியாவின் காலைத் தொட்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.