இரண்டு கையெழுத்துப் படிவம்

அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டு வருவதற்குள் கணவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று இம்கே ஏழு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். வரி வகுப்பை மாற்றியிருந்தாள், அவ்வளவுதான். அதைச் சொல்வது கஷ்டமில்லை. ஏன் மாற்றினாள் என்று அவன் கேட்பானே, அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

கல்யாணமான புதிதில் வகுப்பைத் தேர்ந்தெடுக்க அவர்கள் ஐந்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. ஃபோல்கர்ட் வெல்டராக இருக்கும் கப்பல் பட்டறையில் சம்பளம் போடும் சாட்ஹோஃப் மேடம்தான் சொன்னார்: அதிகம் வாங்குபவருக்கு மூன்றாம் வகுப்பு, குறைவாக வாங்குபவருக்கு ஐந்தாம் வகுப்பு. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். மூன்றில் இருப்பவரிடம் மாதாமாதம் வரியைக் கிள்ளி எடுப்பார்கள், ஐந்தில் இருப்பவரிடம் அள்ளி எடுப்பார்கள். வருஷ முடிவில் இருவர் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக் கூடக்குறைய இருப்பதைச் சரிசெய்துவிடுவார்கள். ஃபோல்கர்ட் மூன்று. பால் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இம்கே ஐந்து. நான்கு வருஷம் அப்படியே ஓடியது.

ஆகஸ்டில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு மேசையில், அவளோடு வேலை பார்க்கும் டோம்மா உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "பிள்ளை வேணும்னு தோணிச்சுன்னா முதல்ல வரி ஆபீஸ், அப்புறம்தான் கட்டில். நான் தலைகீழாப் பண்ணித் தொலைச்சேன். மாசம் நானூறு யூரோ போச்சு."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். இம்கேவுக்குக் காது சூடானது.

பிள்ளை பிறந்து தாய் வீட்டில் இருக்கும் காலத்துக்கு அரசு தரும் உதவித்தொகை, அவள் முன்பு கையில் வாங்கிய சம்பளத்தைப் பொறுத்தது. ஐந்தில் இருந்தால் கையில் வருவதும் குறைவு, தொகையும் குறைவு. மூன்றுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கும் விடுப்புக்கு முன்னால் ஏழு மாதமாவது மூன்றில் இருந்திருக்க வேண்டும். இம்கே அன்று மாலை பேருந்தில் பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். கரு தங்கியது தெரிந்த பிறகு மாற்றினால் நேரம் போதாது. ஒன்றுமே இல்லாதபோது, இனி வரும் என்று நம்பி எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவர்களுக்கு ஒருமுறை தங்கியது. பிப்ரவரியில், ஒன்பதாவது வாரத்தில் போய்விட்டது. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அதனால் யாரிடமும் விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. மார்ச்சில் ஃபோல்கர்ட் தன் சைக்கிள் சாமான்களை எல்லாம் கீழே இருந்து தூக்கிவந்து மாடியிலிருந்த சின்ன அறையை நிரப்பினான். இம்கே வாசலில் நின்று பார்த்தாள். சரி, இவனுக்கு இனி வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை. மற்ற எல்லாம் நன்றாகவே இருந்தது. அவன் சமைத்தான், அவள் பாத்திரம் கழுவினாள், ஞாயிற்றுக்கிழமைகளில் எம்ஸ் ஆற்றின் கரைமேட்டில் காற்றுக்கு எதிராக சைக்கிள் ஓட்டிவிட்டு, காற்று தள்ளிவிடத் திரும்பி வந்தார்கள். நன்றாக இருப்பதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

படிவத்தை மட்டும் அச்செடுத்து வைத்தாள். மனைவி மூன்று, கணவன் ஐந்து என்று கட்டங்களில் குறியிட்டாள். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் இருந்தது. தன்னுடையதைப் போட்டாள். மற்ற இடத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். மூன்று வாரம் கேட்கவில்லை.

பிறகுதான் வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. இருவரும் நான்காம் வகுப்புக்கு வருவதென்றால் ஒருவர் கேட்டாலே போதும், கணினியிலேயே செய்யலாம். நான்கு என்பது நடு இடம், இருவருக்கும் ஒரே மாதிரிப் பிடிப்பு. பாதித் தூரம் போய்விட்டால் மீதிப் பாதியைப் பேசுவது சுலபமாக இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். செப்டம்பர் இரண்டாம் வாரம் பொத்தானை அழுத்தினாள். அன்று சாப்பிடும்போது சொல்வதாக இருந்தாள். அன்று மீன் வறுவல் அருமையாக இருந்ததால் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டார்கள்.

அக்டோபரின் கடைசி வெள்ளிக்கிழமை, பட்டறை மதியத்தோடு முடிந்து ஃபோல்கர்ட் வீட்டுக்கு வந்தான். மேல்சட்டையைக் கழற்றவில்லை. கையில் ஈயத்தாள் சுற்றிய தட்டு.

"இம்கே, நம்ம சொந்தத்துல யாராவது செத்துட்டாங்களா?"

"ஏன்?"

"சாட்ஹோஃப் மேடம் வெண்ணெய் கேக் சுட்டுக் குடுத்திருக்காங்க. எனக்கு மட்டும். கல்யாணம், இல்லேன்னா சாவு, ரெண்டுல ஒண்ணு இல்லாம அந்த கேக்கைச் சுட மாட்டாங்களே. கல்யாணம் நமக்கு ஆயிடுச்சு."

இம்கே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என்னை ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துனாங்க," என்றான் அவன். "அந்தக் கதவைச் சாத்த முடியும்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். 'தம்பி, என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆச்சு, இப்ப ஜம்முனு இருக்கா'ன்னாங்க. வெளிய வந்தா எங்க பட்டறை ஓக்கோ நிக்கிறான். 'டேய், என் கராஜுக்கு மேல ரூம் காலியாத்தான் கிடக்கு. ஹீட்டர் கொஞ்சம் கத்தும், அதை மட்டும் பொறுத்துக்கோ. வக்கீல் நம்பரும் தரேன், ஆனா என்னோட வக்கீலை வச்சுக்காதே, நாய் மட்டும்தான் எனக்கு மிஞ்சிச்சு'ங்கிறான். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் சீட்டைப் பிரிச்சுப் பாத்தேன்."

சீட்டை மேசைமேல் வைத்தான். வரி வகுப்பு: நான்கு. கைக்கு வந்தது இருநூற்று நாற்பது யூரோ குறைவு.

வருஷ நடுவில், ஒருவர் மட்டும் எழுதிப்போட்டு, மூன்றிலிருந்து நான்குக்கு இறங்கும் ஜோடி அடுத்ததாக எங்கே போகும் என்பது முப்பது வருஷம் சம்பளம் போட்டவருக்குத் தெரியும். பிரிந்து போகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். இம்கே எல்லாவற்றையும் எண்ணியிருந்தாள். இதை மட்டும் எண்ணவில்லை.

"நீ போறியா?" என்று ஃபோல்கர்ட் கேட்டான். இவ்வளவு நேரம் இருந்த கேலி குரலில் இல்லை.

"இல்ல!" தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "ஐயோ, இல்ல. இல்லவே இல்ல."

"அப்ப இது?"

இம்கே எழுந்துபோய், துணி துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டுகள் இருக்கும் கோப்பிலிருந்து படிவத்தை எடுத்துவந்து அவன் முன் வைத்தாள். அவன் மேல்சட்டையோடே உட்கார்ந்து படித்தான். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, வெல்டிங் வரைபடம் பார்ப்பதுபோல.

"உனக்கு மூணு, எனக்கு அஞ்சா? ஏன்? நான்தானே கூட வாங்கறேன். மாசாமாசம் ரெண்டு பேர்கிட்டயும் சேத்துக் கூடத்தானே பிடிப்பாங்க? கணக்குல புலி நீ, நீயா இதை எழுதினே?"

"டோம்மாதான் சொன்னா. முன்னாடியே இப்படி மாத்தியிருக்கணும்னு. அவ மாத்தாம விட்டுட்டாளாம்."

"எந்த டோம்மா? அந்த ரெட்டைப் பிள்ளைக்காரி..."

அங்கேயே நின்றுவிட்டான். படிவத்தை மறுபடி பார்த்தான். அவள் போட்டிருந்த கையெழுத்தையும், பக்கத்தில் எழுதியிருந்த ஆகஸ்டு தேதியையும் பார்த்தான். அடுப்பில் தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து விசில் அடித்தது. யாரும் எழவில்லை. கடைசியில் அவன்தான் கையை நீட்டி அணைத்தான்.

"ஆகஸ்ட்லேர்ந்தா?"

அவள் தலையசைத்தாள். "உனக்கு வேண்டாம்னு நெனச்சேன். அந்த ரூம்ல சைக்கிளைக் கொண்டுவந்து போட்டியே."

"நீ தினம் அந்த வாசல்ல போய் நின்னே, இம்கே. காலைல பல் தேய்ச்சிட்டே நிப்பே. என்னால பாக்க முடியல. ரூம் காலியா இருக்கறதாலதானே நீ நிக்கிறேன்னு அதை ரொப்பிட்டேன். எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீயும்தான். நீ வரி ஆபீஸ்கிட்ட சொல்லியிருக்கே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது. கை துடைக்கும் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு வேணுமா?" என்று கேட்டாள். கேட்டே விட்டாள். இரண்டே வார்த்தை. எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

ஃபோல்கர்ட் படிவத்தின் ஓரத்தை விரலால் நீவினான். அவன் எதையும் உடனே சொல்கிற ஆள் இல்லை.

"பயமா இருக்கு," என்றான். "போன தடவை மாதிரி ஆச்சுன்னா உனக்கு என்ன ஆகும்னு பயம். ஆனா வேணும். வேண்டாம்னு ஒரு நாள்கூட நெனச்சதில்ல." பிறகு, "பேனா எங்க?" என்றான்.

அவன் கையெழுத்து எப்போதும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். அன்று கட்டத்தைத் தாண்டி ஓரம்வரை போனது.

அப்போது தொலைபேசி அடித்தது. திரையில் பட்டறையின் எண். சாட்ஹோஃப் மேடம்தான், தம்பி பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தானா என்று கேட்பதற்கு. ஃபோல்கர்ட் எடுக்கப் போனான். இம்கே அவன் கையைப் பிடித்தாள். தொலைபேசி என்றால் பீட்சா சொல்லக்கூட அவனைத்தான் பேசச் சொல்வாள். இன்று தானே எடுத்தாள்.

"வணக்கம் மேடம், நான் இம்கே. ஃபோல்கர்ட் இங்கதான் இருக்கார். நாங்க பிரியல."

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"என் தப்புதான், மேடம். நாலு வேண்டாம். நான் மூணுக்கு மாறணும், அவர் அஞ்சுக்கு வரார். படிவத்துல இப்பதான் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்."

"அவன் அஞ்சுக்கா?" என்றார் சாட்ஹோஃப் மேடம். பிறகு, "ஓ!" என்றார். அந்த ஓ கொஞ்சம் நீளமாக இருந்தது. இம்கேவுக்குக் கழுத்துவரை சிவந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. இவர்கள் வீட்டில் இரவு என்ன நடக்கிறது என்று செவ்வாய்க்கிழமை ஒரு பட்டறையே யோசிக்கும். அவள் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை.

"பொண்ணு, நான் சொல்றதைக் கவனமாக் கேளு," என்றது அந்தக் குரல், இப்போது முழுக்க அலுவலகக் குரலாக. "இந்த மாசத் தேதி முத்திரை விழுந்தாத்தான் நவம்பர்லேர்ந்து மூணு. திங்கக்கிழமை லீவு, செவ்வாய் ஒண்ணாந்தேதி. அப்ப குடுத்தா ஒரு மாசம் தண்டம். தபால்ல போடாதே. வரி ஆபீஸ் வாசல்லயே ஒரு பெட்டி இருக்கு, இன்னைக்கே கொண்டுபோய்ப் போட்டுடு. ரெண்டு கையெழுத்தும் இருக்கா? தேதி இருக்கா? ஆகஸ்ட் தேதியெல்லாம் அடிச்சிட்டு இன்னைக்குத் தேதி போடு."

"சரி மேடம்."

"ஓக்கோகிட்ட நான் பேசிக்கிறேன். பாவம், ரூமை வேற பெருக்க ஆரம்பிச்சிருப்பான். அந்த கேக்கு," என்று நிறுத்தினார், "சந்தோஷத்துக்குச் சுட்டதுன்னு வச்சுக்கோங்க."

ஏழு மாதக் கணக்கை அவனுக்கு விளக்கிக்கொண்டே இம்கே படிவத்தை உறையில் போட்டாள். இருவரும் சைக்கிளில் கிளம்பினார்கள். மேற்கிலிருந்து காற்று நேராக முகத்தில் அடித்தது. ஃபோல்கர்ட் முன்னால் போனான், அவள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு மிதித்தாள். உறை அவள் மேல்சட்டைக்குள் இருந்தது.

வரி அலுவலகம் மதியத்தோடு பூட்டியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் சாம்பல்நிறப் பெட்டி. இம்கே உறையை ஒருமுறை திறந்து, இரண்டு கையெழுத்தையும் இரண்டு தேதியையும் சரிபார்த்தாள். ஆய்வகத்தில் பால் மாதிரிப் புட்டியின் ஒட்டுத்தாளை அவள் எப்போதும் இரண்டு முறை பார்ப்பாள். இதை மூன்று முறை பார்த்தாள். ஒட்டினாள். உள்ளே போட்டாள். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.

"இப்ப நான் அஞ்சாம் வகுப்பு," என்றான் ஃபோல்கர்ட். "சீட்டைப் பாத்து ஓக்கோ விழுந்து விழுந்து சிரிக்கப் போறான்."

"சிரிக்கட்டும். அடுத்த வருஷம் திரும்ப வந்துடும்."

"என் மானமா?"

"பணம்."

அவன் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தான், திறக்காமல் அப்படியே நிமிர்ந்து பார்த்தான்.

"ஏழு மாசம்னியே. அதுவரைக்கும் நாம சும்மா இருக்கணுமா?"

"நவம்பர்லேர்ந்து மே வரைக்கும் ஏழு. விடுப்பு ஜூன்ல ஆரம்பிச்சாப் போதும், அதுக்கு ஆறு வாரம் கழிச்சுத்தான் பிரசவம்." அவள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜூன்லேர்ந்து பின்னாடி எண்ணினா..."

"எண்ணினா?"

"நேத்து எண்ணினேன்."

"எங்க வருது?"

இம்கே சைக்கிளில் ஏறிக்கொண்டாள். போகும் திசையில் இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது.

"இந்த வாரக் கடைசில," என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்க நிற்காமல் மிதித்துப் போனாள். பின்னால் அவன் பூட்டைத் திறக்க முடியாமல் திணறிக்கொண்டே, காத்திரு, காத்திரு என்று கத்துவது கேட்டது.