ஆற்றில் விழுந்த சகலை

இதெல் புரோபர்ட்டின் வீட்டைத் தேடி வந்தவர் செய்த ஒரே குற்றம், வட இங்கிலாந்துப் பேச்சில் வழி கேட்டதுதான். அதற்கே தெருவில் ஐந்தாறு ஜன்னல் திரைகள் விலகின.

வடக்கே ரக்பி ஆடினால் காசு, இங்கே வேல்ஸில் வெறும் கைதட்டல். வடக்கிலிருந்து தரகர்கள் வந்து நல்ல ஆட்டக்காரனைக் கொத்திக்கொண்டு போவார்கள். ஆட்டக்காரன் தரகனோடு பேசினாலே போதும், ஆயுளுக்கும் ஆடத் தடை. அதனால் தரகன் சிக்கினால் ஆற்றில் தூக்கிப் போடுவது பள்ளத்தாக்கின் வழக்கம்.

வந்தவரையும் போட்டார்கள். பிப்ரவரி மாதத் தண்ணீரில்.

மாலையில் இதெல் சுரங்கத்திலிருந்து கரி முகத்தோடு வந்தபோது, அடுப்பருகே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவர் அவனுடைய சகலை வில்ஃப்ரெட். இதெலுக்குப் புதிதாகப் பிறந்த குழந்தையைப் பார்க்க வடக்கே பிராட்போர்டிலிருந்து வந்தவர். நனைந்த பையில் பச்சைக் குழந்தைக்கான கம்பளிச் சட்டைதான் இருந்தது.

இதெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை கார்டிஃபில் ஸ்காட்லாந்தோடு ஆட்டம். நாட்டின் சிவப்புச் சட்டையை ஐந்தாம் முறையாக அவன் போடவேண்டிய நாள். வீட்டுக்குத் தரகன் வந்தான் என்று கிளப் புகார் கொடுத்தால் அது போச்சு. முகம்கூடக் கழுவாமல் சகலையை இழுத்துக்கொண்டு கிளப்புக்கு ஓடினான்.

"இவர் யாருன்னு தெரியுதாய்யா? என் பொண்டாட்டியோட அக்கா புருஷன்!"

செயலாளர் டிரஹான் கசாப்புக் கடைக்காரர். "ஐயோ பாவம்! பேச்சக் கேட்டு ஏமாந்துட்டோம். ஆனா தரகன் உன்னத் தேடி வந்தான்னு மத்தியானமே கார்டிஃபுக்குத் தந்தி போயிடுச்சு இதெல். உன் இடத்துல வேற ஆளப் போட்டாச்சு."

"இன்னொரு தந்தி அடிங்க."

"தப்பா சொல்லிட்டோம்னு எப்படிப்பா அடிக்கிறது? கிளப் மானம் என்னாவறது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷமாம்! முப்பதைத் தாண்டிய முன்வரிசை ஆட்டக்காரனிடம், இந்தக் கிளப்புக்காக ஆடி விலா உடைந்தும் மறு திங்கட்கிழமையே சுரங்கத்தில் இறங்கியவனிடம், கொஞ்சமும் கூசாமல் சொல்கிறார்கள்.

இதெல் திரும்பினான். "சகலை, உங்க ஊர்ல நிஜத் தரகன் எவனாவது இருக்கானா?"

"எங்க மில்லு மேஸ்திரியே அந்த வேலதான் பண்றார். உன்னக் கூட்டிட்டு வரச் சொல்லி ரெண்டு வருஷமா நச்சரிக்கிறார். உனக்குக் கெட்ட பேர் வரும்னு நான்தான் வாயத் திறக்கல."

டிரஹான் பதறினார். "யோசிச்சுப் பேசுப்பா! அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க முடியாது."

"உன் வாசப்படி எவனுக்குய்யா வேணும்?"

மறுநாள் காலை, குடும்பத்தோடு வடக்கே கிளம்பும் இதெலைப் பார்க்க ரயிலடியில் ஊரே நின்றது. கும்பலுக்குள்ளிருந்து "துரோகி!" என்றது ஒரு குரல்.

இதெல் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவர்களை நோக்கி நடந்தான்.

"சொன்னவன் முன்னால வாடா!"

டிரஹான் உட்பட ஒருவரும் வரவில்லை.