தையல் பிரித்த நாள்

ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் கிடந்தது. அதன் ஒரு முனையில் தலையில் காயக் கட்டோடு காத்தவராயன் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி அமிர்தத்தோடு, வயிற்றைப் பிடித்தபடி மெதுவாகப் படியேறி வந்த சிங்காரம் அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"உங்க அண்ணன் இன்னைக்கு வருவான்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் அமிர்தம். பெஞ்சின் நடுவில் போய் அவளே உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் அண்ணன். இரண்டு பேரும் அவள் தலைக்கு மேலாக முறைத்துக்கொண்டார்கள்.

"இன்னும் சாவலியா?" என்றான் காத்தவராயன்.

"உனக்குக் கொள்ளி வைக்காம சாவ மாட்டேன்."

சுனாமி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கடலூரை ஒட்டிய குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் எதிரெதிர் வாசல் இவர்களுக்கு. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு ராத்திரி குடித்துவிட்டு வந்த சிங்காரம் துடுப்பை எடுத்து அமிர்தத்தை அடித்தான். முழங்கைக்குக் கீழே சதை கிழிந்து தொங்கியது. அலறல் கேட்டு ஓடி வந்த காத்தவராயன் தங்கச்சிக்காகக் கேட்டது என்னவோ இரண்டே வார்த்தைதான். அதற்கப்புறம் பேச்செல்லாம் இருவரும் கூட்டாக வாங்கி, பங்குச் சண்டையில் கூட்டு பிரிந்துபோன வலையைப் பற்றி. சிங்காரம் அதே துடுப்பால் அவன் மண்டையைப் பிளந்தான். காத்தவராயன் மீன் அரியும் கத்தியை சிங்காரத்தின் வயிற்றில் இறக்கினான்.

கடலூரில் தெரிந்த முகங்கள் ஜாஸ்தி என்று ஊர்ப் பஞ்சாயத்தார் இருவரையும் ஒரே வேனில் போட்டு சிதம்பரத்தில் இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் படகு புரண்டு நங்கூரம் கிழித்துவிட்டதென்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். போலீசுக்குப் போனால் ஊரைவிட்டுத் தள்ளிவைப்போம் என்று அமிர்தத்திடம் தனியாகவும் சொன்னார்கள். அவள் கையில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கட்டுப்போடும் அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. நர்சு இசைவாணி இருவரையுமே உள்ளே கூப்பிட்டாள். முதலில் காத்தவராயனின் தலையில் பாதித் தையலைப் பிரித்தாள். ஒட்டியிருந்த ரத்தம் ஊறட்டும் என்று மீதிக்கு ஈரப் பஞ்சை வைத்துவிட்டு, சிங்காரத்தின் வயிற்றுக் கட்டை அவிழ்த்தாள். நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

வயிற்றில் தொப்புளுக்கு மேலும் கீழுமாக, தையலுக்குப் பதில் போட்ட கம்பிப் பின்கள் வரிசையாகக் காயத்தைப் பிடித்திருந்தன. மேலே காயம் நன்றாகக் கூடியிருந்தது. கீழே சிவந்து வீங்கி, மஞ்சளும் எண்ணெயுமாகக் குழைந்து சீழ் கசிந்தது.

"யாரும்மா இதைத் தடவுனது? நனைக்காம வச்சிருன்னுதானே சொல்லி அனுப்புனோம்?"

தடவியது சிங்காரத்தின் அம்மா தைலம்மாள். வேண்டாமென்று தடுத்த அமிர்தத்துக்கு, என் புள்ளைய நீயா பெத்த என்று வசவுதான் கிடைத்தது. அவள் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சிங்காரம் முந்திக்கொண்டான்.

"இவதான் சிஸ்டர். வேணும்னே பண்ணியிருக்கா. நான் அழுவி சாவணும் இவளுக்கு."

பக்கத்துக் கட்டிலிலிருந்து காத்தவராயன் சிரித்தான். "நல்லா செஞ்ச அமிர்தம். நீ என்கூடப் பொறந்த தங்கச்சிதான்."

புருஷன் திட்டியது அவளுக்குப் புதிதில்லை. அண்ணனின் பாராட்டுத்தான் சுட்டது. அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். ராவும் பகலும் அந்தப் புண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு.

"நான் தடவல. உங்க அம்மா தடவுனா," என்றாள்.

"எங்கம்மாவையா சொல்ற?" சிங்காரம் கையை ஓங்கினான். வயிறு இழுத்துக்கொள்ள, "அம்மா" என்று முனகிப் படுத்துவிட்டான்.

அமிர்தம் நர்சின் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க. நங்கூரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்தாளு துடுப்பால அடிச்சான், அந்தாளு கத்தியால குத்துனான். நான் பக்கத்துலதான் நின்னேன். எந்தப் போலீஸ் வந்து கேட்டாலும் சொல்றேன்."

முதலில் வாய் திறந்தவன் காத்தவராயன்.

"அது கொஞ்சம் புத்தி பெசகுனது சிஸ்டர். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"மச்சான் சொல்றது நெசந்தான்," என்றான் சிங்காரம். "ரெண்டு பேருக்கும் நடுவுல மூட்டிவுடுறதே இவ வேலை."

மச்சான்! வலைக் கூட்டு பிரிந்ததிலிருந்து அவன் வாயில் வராத சொல். அமிர்தம் முந்தானையை விலக்கி, கைத்துணியை அவிழ்க்கப் பார்த்தாள். துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இழுக்காத," என்று இசைவாணி ஓடிவந்து அவளை ஸ்டூலில் உட்கார வைத்தாள். மருந்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துணியை ஊற வைத்துப் பிரித்தாள். விளிம்புகள் விலகி உள்ளே சதை வெளுத்திருந்தது. "அன்னைக்கே காட்டியிருந்தா தையல் போட்டிருக்கலாம். இப்ப தச்சா உள்ள சீழ் கட்டிக்கும். தெனம் கழுவிக் கட்டித்தான் ஆத்தணும். இதை எப்படிம்மா இத்தனை நாளு மறைச்ச?"

"யாரும் கேக்கல."

"சிஸ்டர், என் வயித்தை அப்படியே போட்டுட்டு அவளுக்குப் பாக்குறீங்க?" என்று கத்தினான் சிங்காரம்.

"படுங்க. வரேன்," என்றாள் இசைவாணி, திரும்பிப் பார்க்காமல்.

டாக்டர் வந்தார். அவர் சொல்லி போலீசும் வந்தது. சிங்காரத்துக்கு மேல் பின்களை மட்டும் எடுத்துவிட்டு, கீழ்ப்பக்கம் திறந்து கழுவுவதற்காகப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். காத்தவராயனுக்கு மீதித் தையலையும் பிரித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது அவன் தங்கச்சியின் காலடியில் காறித் துப்பினான்.

குப்பத்தில் அவளைத் தள்ளிவைத்தார்கள். அவளும் திரும்பிப் போகவில்லை. அண்ணாமலை நகரில் ஒரு பெண்கள் விடுதியின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கினாள். கையை நனைக்க முடியாத நாட்களில் பாத்திரம் கழுவச் சொல்லாமல் அரிசி புடைக்க விட்டார்கள். புண் அடியிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாகச் சதை வளர்ந்து மூடிக்கொண்டு வந்தது. தடித்த தழும்பாகத்தான் ஆறியது.

மழைக்காலம் முடிந்ததும் காத்தவராயன் ஜாமீனில் வந்து விடுதி கேட்டில் நின்றான். முடி வளராத கோடு ஒன்று உச்சந்தலையில் தெரிந்தது.

"கோர்ட்டுல வந்து ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடு. நானும் மாப்ளையும் ராசியாயிட்டோம்."

"எங்கிட்ட யாரு ராசியானா?"

"பொட்டச்சிக்கு இவ்ளோ வீம்பு ஆவாது. நாளைக்கு நாதியில்லாம கெடப்ப."

"கெடக்குறேன். நீ கெளம்பு."

அவன் கேட்டை எட்டி உதைத்துவிட்டுப் போனான். சாட்சிக் கூண்டில் ஏறும்போது கட்டிக்கொள்ள நல்ல புடவை ஒன்று வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அமிர்தம் உள்ளே போனாள்.