பின்னால் வரும் பொருட்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. அது என் மடியில் கிடந்தது. இரண்டு பக்கம், ஸ்டேப்பிள் அடித்தது, மேல் மூலையில் தேநீர்க் கறை.

கனடாவில் குடியேற வருகிறவர்கள் எல்லையில் சுங்கத்துக்கு இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும். கையோடு கொண்டுவருவது ஒன்று. ஊரிலிருந்து பின்னால் வரப்போவது மற்றது. முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அந்தப் பொருட்கள் வந்து சேரும்போது வரி கேட்கமாட்டார்கள். என் சித்தியின் மகன் ராகுலனுடைய இரண்டாவது பட்டியலில் பதினாலாவது: கூறைச்சேலை, ஒன்று. பதினைந்தாவது: தாலிக்கொடி, ஒன்று.

அதை நான் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில், ஒரு பாலத்தின் மேல், கார் வரிசையில் நின்றபடி வாசித்தேன். வாசித்த நேரத்திலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. எட்டு மாதமாகிவிட்டது.

(பாலத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால், கதைக்காக நானே வைத்த பெயர் என்பீர்கள்.)

2

தொடக்கங்கள்.

“ஆற்றின் மேல் மூடுபனி மெல்லக் கவிந்துகொண்டிருந்த அந்த...”

இல்லை. ஓகஸ்ட் மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. என் காரில் ஏசியும் இல்லை.

“ராகுலன் பொய் சொல்லத் தெரியாதவன். ஆகையால்...”

ஆகையால் என்ன? அவனை இப்போதே நல்லவனாக்கிவிட்டால் பிறகு என்னால் அசைய முடியாது.

“எல்லைகள் என்பவை மனிதர்கள் தமக்குள்...”

கடவுளே. இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.

எழுந்துபோய்த் தேநீர் போட்டேன். குடிக்கவில்லை. திரும்பி வந்து இருந்து, சரி, நடந்ததை நடந்தபடி எழுது என்று எனக்கே சொன்னேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியாது.

3

நடந்தபடி.

ராகுலன் பஃபலோவில் இரண்டு வருடம் படித்தான். படிக்கும்போதே கனடாவில் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்தான். விண்ணப்பத்தில் ‘திருமணமாகாதவர்’ என்று போட்டான். அன்றைக்கு அது சத்தியமான உண்மை. கடிதம் வந்தது. எல்லைக்கு வந்து கையெழுத்து வைத்தால் சரி. அமெரிக்காவில் அவன் தங்குவதற்கான அனுமதி ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது; நான் கனடாவில் என் ஊரான விட்பியிலிருந்து காரோட்டிப் போய் அவனை ஏற்றியது அதற்கு முதல் நாள், வியாழன். இரண்டு சூட்கேஸ், ஒரு ரைஸ் குக்கர், ஒரு கிரிக்கெட் மட்டை, மடித்து வைத்த கிடுகிடுக்கும் புத்தக அலுமாரி.

இனி நான் அறியாத பகுதி. மே மாதம் அவன் மூன்று வாரம் யாழ்ப்பாணம் போயிருந்தான். அங்கே சித்தி அவனுக்குப் பெண் பார்த்து, எழுத்தையும் முடித்துவிட்டாள்.

* எழுத்து என்றால் எங்களில் கலியாணப் பதிவு. பதிவாளர் வருவார், இருவரும் கையெழுத்து வைப்பார்கள், கேக் வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள். பிறகு பெண் தன் வீட்டுக்கு, மாப்பிள்ளை தன் வீட்டுக்கு. தாலி ஏறும் நாள் வரைக்கும் அவர்களைப் புருஷன் பெண்சாதி என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றாகப் படத்துக்குப் போனாலே தாய்மார் முகத்தைச் சுழிப்பார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் எழுத்தை முந்தி வைப்பது வழக்கம். பெண்ணைக் கூப்பிட அந்தக் காகிதம் வேண்டும்.

காகிதத்தை முந்தி எடுத்துவிட்டார்கள். எவ்வளவு முந்தி என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

4

எங்களுக்கு முன்னால் ஒன்பது கார்.

“ராகு, உந்தக் கூறை ஆருக்கு?”

“லக்சிக்கு. அம்மா வொட்சப்பில சொல்லச் சொல்ல எழுதினனான். ரொறன்ரோவில ஹோல் எடுத்துக் கலியாணம் செய்யேக்க தேவையாம். இப்ப எழுதாட்டிப் பிறகு டக்ஸ் அடிப்பாங்களாம்.”

“லக்சி ஆர்?”

“லக்சிகா. எழுத்து முடிஞ்சுதல்லோ. அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையே?”

சித்தி சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. கனடாப் பேப்பர் கைக்கு வரும்வரை வாய் திறக்கக் கூடாது, நாவூறு பட்டுவிடும் என்று மகனுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். நாவூறு என்றால் அக்கம்பக்கத்தாருடைய நாக்கு. சித்தி பயந்த நாக்குகளில் என்னுடையதும் ஒன்று.

“அப்ப நீ கலியாணம் கட்டினவன்.”

“ஐயோ அக்கா, தாலி கட்டேல்லையே!”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு உண்மையானது என்பதை நீங்கள் நம்ப வேண்டும். உள்ளே போனதும் அதிகாரி ‘மணமானவரா’ என்று கேட்டால், நெஞ்சில் கைவைத்து ‘இல்லை’ என்று சொல்லியிருப்பான்.

நான் சொன்னேன். இந்த நாட்டுக்குப் பதிவுதான் கலியாணம். இன்றைக்கு ‘இல்லை’ என்று கையெழுத்து வைத்தால், சொல்லாமல் விட்ட பெண்சாதியை நாளைக்கு ஸ்பொன்சர் பண்ண விடமாட்டார்கள். ‘ஓம்’ என்றால் இன்றைக்கு உன்னுடைய கையெழுத்தையே எடுக்காமல் விடலாம், ஃபைலைத் திரும்பப் பார்க்கலாம், திருப்பி அனுப்பலாம்; அந்தப் பக்கத்தில் உனக்கு நாளைக்கு மட்டும்தான் இடம்.

(சட்டம் படித்தவர்கள் இதில் பிழை பிடிக்கலாம். பாலத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஏழு கார்.)

அவன் பட்டியலை எட்டிப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

“நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள், ஃபோமில எழுதினதை ஒண்டையும் மாத்தாத எண்டு?”

5

சொன்னேன். ஜூன் மாதம் ஃபோனில் சொன்னேன். ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்காமலே சொன்னேன்.

நான் தொண்ணூறுகளில் அகதியாக வந்தவள். என் வாழ்க்கையில் நான் எழுதி முடித்த முதல் கதை என்னுடைய கேஸ்தான். அதில் ஒரு வரி பொய் இல்லை. ஆனாலும் அதைப் பாடமாக்க வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் சொன்னதும் படிவத்தில் எழுதியதும் விசாரணையில் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். தேதி ஒரு நாள் பிசகினால் போச்சு. ‘கதையை மாத்தாத’ என்பதுதான் அப்போது வந்த எங்கள் செற்றுக்குத் தெரிந்த ஒரே சட்டம். முப்பது வருடமாகப் பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவர்கள் எந்த வழியால் வருகிறார்கள் என்று பாராமல்.

இதில் வெட்கம் என்னவென்றால், ஒஷாவாவில் பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பது என் வேலை. வருகிற ஒவ்வொருவரிடமும் பழைய படிவத்தை நீட்டி, “போன முறை வந்ததற்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?” என்று கேட்கிறேன். ஒரு நாளைக்கு இருபது பேரிடம். என் சித்தியின் மகனிடம் கேட்கவில்லை.

6

பேனை.

முதல் வரைவில், கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, பிறகு மனம் பொறுக்காமல் ஆற்றில் வீசினேன் என்று எழுதினேன். அழகாக இருந்தது. அந்தப் பேனை இப்போதும் என் கைப்பையில் இருக்கிறது. நீல நிறம், பல் வைத்தியரின் பெயர் போட்டது.

நடந்தது: எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். பதினாலின் மேல் வைத்தேன். இரண்டு வரியை வெட்டிவிட்டால் அவன் ‘இல்லை’ என்று சொல்ல, பட்டியலும் ‘இல்லை’ என்று சொல்லும். நான் வசனம் வெட்டிப் பழகியவள். எனக்கு அது கைவந்த வேலை.

“வெட்டாதேங்கோ அக்கா,” என்றான். “அது அவளின்ர.”

இந்த இடத்தில்தான் எனக்கு என் பாத்திரம் விளங்காமல் போகிறது. சேலையை வெட்டச் சம்மதிக்காதவன், உள்ளே போய் என்ன சொல்லப் போகிறான் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு கார். மூன்று. பேனைக்கு மூடியைத் திரும்பப் போட்டேன்.

7

இனி லக்சிகா.

நான் அவளை நேரில் பார்த்ததில்லை. ஆகவே வரைவுகளில் இஷ்டத்துக்குப் படைத்தேன். ஒன்றில் சாமியறையில் விளக்கேற்றிக் கண்ணீர் விட்டாள். இன்னொன்றில் விமானச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தாள். (யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்கு வேறு வேலை இல்லை என்று யார் எனக்குச் சொன்னது?)

உண்மையான லக்சிகா கிளிநொச்சியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். என் நம்பரை சித்தியிடம் வாங்கி, போன மாதம் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். பின்னால் பஸ் ஹோர்ன்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. இவரைக் கேட்டா ‘ஃபைல் போய்க்கொண்டிருக்கு’ எண்டு மட்டும்தான் சொல்லுறார். ஏழு மாசமா அதே வசனம். பாங்கில நானும் ஆக்களுக்கு உந்த வசனத்தைத்தான் சொல்லுறனான், அதால எனக்கு விளங்கும். நீங்கள் அண்டைக்குப் பக்கத்தில நிண்டனீங்கள்தானே. அவர் என்ன சொன்னவர்? இங்க புரமோசன் ஒண்டு வருது. வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கிறதோ, எடுக்கிறதோ, எனக்குத் தெரிய வேணும்.”

நான் பதில் போடவில்லை. பதிலுக்கு இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். எழுத்தாளர்களுடைய கோழைத்தனம் எப்படி இருக்கும் என்று கேட்டால் இதைக் காட்டுங்கள்.

8

கட்டடத்துக்குள்.

அதிகாரியை முதலில் முரடனாக எழுதினேன். அநியாயம். வெயிலில் மூக்குச் சிவந்த இளம் பையன், மரியாதையாகப் பேசினான். கடிதத்தைப் பார்த்தான், கடவுச்சீட்டைப் பார்த்தான். என்னைத் தரையில் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். ஆறடி தூரம், எல்லாம் கேட்டது.

“நீங்கள் விண்ணப்பித்த பிறகு உங்கள் குடும்ப நிலையில் ஏதாவது மாறியிருக்கிறதா?”

என்னுடைய கேள்வி. ஒஷாவாவில் நான் கேட்கும் அதே கேள்வி, அதே அலுத்த குரலில்.

ராகுலன் திரும்பி என்னைப் பார்த்தான்.

நான்

நான் அவனுக்கு

(இந்த வசனத்தை ஏழு தரம் தொடங்கிவிட்டேன். அப்படியே கிடக்கட்டும்.)

9

இரண்டு முடிவு தருகிறேன்.

அ. “இல்லை,” என்றான் ராகுலன். அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தான். வரவேற்றுக் கைகொடுத்தார்கள். அடுத்த மேசை சுங்கம். அங்கே வயதான ஒரு பெண் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு வந்து, பதினாலில் நின்று, இது என்ன என்று கேட்டாள். கலியாணச் சேலை என்றான். அவள் முகமெல்லாம் சிரிப்பாக “வாழ்த்துகள்!” என்று சொல்லி முத்திரை குத்தினாள். ஆக, சேலைக்கும் தாலிக்கும் கனடாவுக்குள் வர அனுமதி உண்டு. கட்டுகிறவளுக்கு இல்லை. காரில் ஏறியதும் அவன் ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு ஹமில்ரன் வரைக்கும் அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

ஆ. “ஓம், மாறியிருக்கு,” என்றான் ராகுலன். அதிகாரி பேனையைக் கீழே வைத்தான். எங்களை உட்கார வைத்தார்கள். நாலு மணித்தியாலம், சோடா விற்கும் பெட்டிக்குப் பக்கத்தில். உள்ளே யார் யாரோ பேசினார்கள். கடைசியில், ஃபைலைத் திரும்பப் பார்க்க வேண்டும், அதுவரை தற்காலிகமாக உள்ளே இருக்கலாம், முடிவுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். பெண்ணின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். ராகுலன் சொன்னான். நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரம்.

இரண்டிலும் அவன் கடைசியில் ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலில் ஒரு பேஸ்மென்டில் வந்து சேர்கிறான். இரண்டிலும் ‘ஃபைல் போய்க்கொண்டிருக்கு’ என்று சொல்லலாம்.

ஆ என்றால் அதைப் பெண்ணிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நீங்கள் அதைக் கேட்டுவிடுவீர்கள் என்ற பயத்தில்தான் இத்தனை அடைப்புக்குறி போட்டேன். ஒருவேளை, ஃபைல் தோற்றுவிடும் என்று பயப்படுகிறானோ என்னவோ. ஒருவேளை வேறேதும்.

ஒன்று மட்டும் அ-விலும் ஆ-விலும் மாறாது. அதை எழுதாமல் போகமாட்டேன். அவன் திரும்பிப் பார்த்தபோது நான் தலையாட்டவில்லை, ஓமென்றும் இல்லை, வேண்டாமென்றும் இல்லை. குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். இடது சப்பாத்தில் கயிறு அவிழ்ந்திருந்தது. அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதையை மாத்தாத என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மாற்று என்று சொல்லவும் அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.

10

சனிக்கிழமை காலை பத்து மணி. விட்பியில் பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டும் இயந்திரத்தை இந்த வருடம் முதல் தடவையாக இழுத்துப் பார்க்கிறான், அது பிடிக்கவில்லை. அங்கே இரவு ஏழரை. லக்சிகாவுக்கு இன்று வங்கி இல்லை; முகம் கழுவி வீட்டில் இருப்பாள். திங்கட்கிழமை அவள் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வாசகரே, முடிவை உங்களிடம் தருகிறேன். அ-வோ ஆ-வோ, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மனம் மாறினால் மற்றதை எடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். அவளுக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு நடந்தது ஒன்றுதான். அதை அவள் ஒரு கதைப் புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஆகவே நான் இங்கே எழுதுவதை நிறுத்துகிறேன். ஃபோன் போகிறது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்கோ அக்கா.”

“லக்சி, அவர் என்ன சொன்னவர் எண்டு சொல்லுறன். அதுக்கு முதல் என்ர சப்பாத்தைப் பற்றி ஒண்டு சொல்ல வேணும்.”