ராஜ நிலை

குண்டசாலையில் ரொனி தன் ஹோட்டலுக்கு, பழைய பிரபுக்களின் மாளிகை போல, 'மகா வளவு' என்று பெயர் வைத்தார். வரவேற்பறையில் மீசை வைத்த ஒரு பெரியவரின் படம் தொங்கியது. யார் என்று கேட்டால், "நம்ம பரம்பரை" என்பார். விலைச்சீட்டு படத்தின் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது, தூசி தட்டும் பேச்சியம்மாவுக்கு மட்டும் தெரியும்.

பரம்பரைக்கு ஒரு குதிரை வேண்டாமா? நுவரெலியாவில் பிள்ளைகளைச் சுமந்து சலித்த மட்டக்குதிரை ஒன்று வந்தது. பெயர் பிரின்ஸ். கல்யாண மாப்பிள்ளைகளை வாசலிலிருந்து மண்டபம் வரை நாற்பது அடி சுமப்பதுதான் அதன் வேலை. மிச்ச நேரமெல்லாம் நின்றது, தின்றது. பால்சோறு, பணியாரம், கேக் என்று விருந்தில் மிஞ்சியதெல்லாம் அதற்குத்தான். பேச்சியம்மாவும் பிளேன்டீக்குக் கடிக்க முந்தானையில் முடிந்திருக்கும் கருப்பட்டியில் பாதியைத் தருவாள். நாவலப்பிட்டித் தோட்டத்தில் முப்பது வருசம் கொழுந்து பறித்தவளுக்கு, தன் கையில் வாய் வைத்துத் தின்ன ஒரு ஜீவன் கிடைத்ததில் பெருமை. குதிரையின் பிடரி காளைத் திமில் போலத் தடித்ததிலும் பெருமைதான்.

ஒரு நாள் அது முன்னங்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றது.

"தொர, பாருங்களேன், ராசா கணக்கா நிக்கிது!" என்று கூப்பிட்டுக் காட்டியது அவள்தான்.

'தொர' என்று கூப்பிட்டால் ரொனிக்கு உச்சி குளிரும். அந்த நிற்பைப் போட்டோ எடுத்து, 'ராஜ நிலை' என்று எழுதி, வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டினார்.

பிறகு பிரின்ஸ் நடக்க மறுத்தது. பேராதனையிலிருந்து மிருக டொக்டர் கஜனி வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

"கொழுப்பு சும்மா கிடக்கிறேல்ல, அம்மா. உடம்புக்குள்ள நெருப்பு வைக்குது. எங்களுக்குச் சீனி வருத்தம் வாற மாதிரித்தான். குளம்புக்குள்ள எலும்பப் பிடிச்சிருக்கிற சதை கழண்டு வருது."

"எனக்கும் சீனி இருக்குங்க, டொக்டரம்மா. ஆனா இது ராசா மாதிரி சாஞ்சு நின்னிச்சே?"

"அது நோவு, அம்மா. முன்னங்கால் ஊண்ட ஏலாமப் பாரத்தப் பின்னுக்குக் குடுக்குது."

பேச்சியம்மா வாசல் படத்தைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

அன்றிலிருந்து, இனிப்புப் போக ஊறவைத்துக் கழுவிய காய்ந்த புல் மட்டும். பிரின்ஸ் அவள் முந்தானையை மூக்கால் நோண்டும். "இல்லடா ராசா, டொக்டரம்மா ஏசும்" என்று மூக்கைத் தள்ளிவிட்டு, அப்பால் போய், கருப்பட்டி முடிச்சை அவிழ்க்காமலே தானும் வெறும் தேத்தண்ணியைக் குடிப்பாள். மூன்று வாரத்தில் குளம்புச் சூடு குறைந்தது. பத்தடி நடந்தது.

பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. ரொனி குதிரையைப் பார்த்துப் பதறினார்.

"என்ன பேச்சி இது, இப்பிடி ஒட்டிப் போச்சி? சனம் என்னையத்தான் பஞ்சம்னு சொல்லும்!"

"இனிப்பு குடுக்க ஏலாதுன்னு டொக்டரம்மா சொல்லியிருக்குங்க, தொர. ஆளயும் ஏத்தக் கூடாதாம்."

"டொக்டருக்குக் குதிரையத்தான் தெரியும். குதிரையோட கௌரவம் எனக்குத் தெரியும்."

அந்த வாரம் முழுக்கக் கௌரவம் தட்டுத் தட்டாக வந்தது. கல்யாணத்தன்று தொண்ணூறு கிலோ மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறினார். கயிற்றைப் பிடித்திருந்தது பேச்சியம்மா. விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. நாற்பதடி முடிவில் பிரின்ஸ் முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்தது.

"ராஜ நிலை!" என்று ரொனி மைக்கில் சொன்னார். மண்டபமே கைதட்டியது.

மறுநாள் காலை அது படுத்தே கிடந்தது. கஜனி காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். எலும்பு அடிக்குளம்பைத் துளைக்கும் அளவுக்கு இறங்கியிருந்தது.

"இனி மிச்சம் நோவு மட்டும்தான், அம்மா. உறங்க வைப்பம்."

ரொனி கடதாசியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "சனிக்கிழமையும் ஒரு கல்யாணம் இருக்கு, டொக்டர். அதுவரைக்கும் தாங்காதா?"

கஜனி மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

பிரின்ஸ் தலையை மட்டும் தூக்கி, பேச்சியம்மாவின் முந்தானையை மூக்கால் தேடியது. பழக்கத்தில் அவள் அதன் மூக்கைத் தள்ளிவிட்டாள்.

"இப்பக் குடுங்கோ, அம்மா," என்றாள் கஜனி. "இனி ஒண்டும் செய்யாது."

முந்தானை முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தாள். கருப்பட்டி முழுவதையும் நீட்டினாள். அது மெதுவாகத் தின்றது. பிறகு ஒன்றுமில்லாத உள்ளங்கையை இன்னொரு முறை நக்கிப் பார்த்தது. அவள் கையை எடுக்கவில்லை.