சுவரில் எழுதியவன்

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டிகளைப் பழுது பார்க்கும் எங்கள் பட்டறையில் டெஸ்டிங் மேசை என்னுடையது. நான் பார்த்து அனுப்புவதை மோட்டாரோடு இணைத்து, கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது என் மனைவியின் தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான்.

டிரைவுக்குள் ஆறு ஐ.ஜி.பி.டி. இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்விட்ச். அதன் 'கேட்' என்ற காலில் மீட்டர் முனை பட்டால் விழித்துக்கொள்ளும். முனையை எடுத்தாலும் லேசில் தூங்காது; அப்படியே கரண்ட் கொடுத்தால் வெடிக்கும். நல்லதா கெட்டதா என்று பார்த்து முடித்ததும், கிளிப் வயரால் கேட்டையும் 'எமிட்டர்' என்ற இன்னொரு காலையும் சேர்த்துத் தொட்டு மிச்ச சார்ஜை இறக்க வேண்டும். ஆறையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரே மூச்சில் இறக்குவது என் பழக்கம். 'சார்ஜை இறக்காமல் அனுப்பாதே' என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்த மகானுபாவனும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக ஒரு பழைய மாடல் டிரைவ் வந்தது. சார்ஜ் தானாக வடிய அதில் வழி கிடையாது. ஆறாவதைப் பார்த்து முடிக்கும்போது முதலாளி கூப்பிட்டார். போய்விட்டு வந்து, 'ஓகே' ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பிவிட்டேன். மச்சினன் கரண்ட் கொடுத்தான். டமார்!

அவன் ஒரு பக்கப் புருவம் பொசுங்கிவிட்டது.

"கனெக்‌ஷன்கூட ஒழுங்கா கொடுக்கத் தெரியாதா? இந்த மாசத்தோட நின்னுக்கோ" என்றார் முதலாளி.

சத்தம் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நின்றேன். வெட்கங்கெட்டவன் நான்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"சேத்துவிட்ட மனுஷன் மூஞ்சில கரியப் பூசிட்டியேடா!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். வெள்ளிக்கிழமை, மாசக் கடைசி நாள், அவன் தன் சாமான்களைத் துடைத்துப் பைக்குள் அடுக்குவதைப் பார்த்ததும் உடைந்துவிட்டேன்.

"மாப்ள, உன் கனெக்‌ஷன்ல தப்பு இல்ல. நான்தான் சார்ஜை இறக்கல."

அவன் பைக்குள் கைவிட்டு என் கிளிப் வயரை எடுத்தான்.

"தெரியும் மச்சான். திங்கட்கிழமை சாயங்காலம் அவசரத்துக்கு இத உங்க மேசைலருந்து எடுத்தேன், திருப்பி வைக்க மறந்துட்டேன். தேடித் தேடிப் பாத்திருப்பீங்க, கிடைக்காம விட்டிருப்பீங்க. என்னால ஆனதுதானேன்னு வாயத் திறக்கல."

தேடியிருந்தால்தானே!

"அது இல்லன்னே அன்னிக்கு எனக்குத் தெரியாதுடா. நான் தேடவே இல்ல."

அவன் என்னையே பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. வயரை வாங்கிக்கொண்டு முதலாளி அறைக்கு நடந்தேன்.

"மச்சான்," பின்னாலிருந்து கூப்பிட்டான். "வயர எடுத்தது நான்தான்னு சேத்துச் சொல்லிடுங்க."

அதை மட்டும் நான் சொல்லவில்லை.